எங்கள் தொகுதி வேட்பாளரின் படிவம் 26: எட்டாம் வகுப்பு, ஆறு வழக்கு, அப்புறம்?

கேள்வி, 16 மார்ச் 2021

எங்கள் தொகுதியில் இப்போதைய எம்எல்ஏவே மறுபடி நிற்கிறார். அவர் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தை (படிவம் 26) இறக்கிப் பார்த்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு, ஆறு வழக்கு, சொத்து மூன்று கோடிச் சொச்சம். கொள்கை என்ன என்று கேட்டால் தலைவர் படத்தைக் காட்டுகிறார். இந்தப் பத்திரத்தை வைத்து ஒரு ஆளைப் பற்றி உருப்படியாக எதையாவது தெரிந்துகொள்ள முடியுமா, இல்லை எல்லாம் சடங்கா?

16 மார்ச் 2021, இரவு

நானும் அதே தொகுதிதான். சடங்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் 2016 ஏப்ரலில் ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து நான்கு வேட்பாளர்களுக்கு இந்தப் படிவம் 26ஐ டைப் அடித்துக் கொடுத்தவன் நான். அதில் இரண்டு பேரிடமிருந்து கூலி இன்னும் வரவில்லை. அந்த எரிச்சலையும் சேர்த்தே படியுங்கள்.

படிப்பை விடுங்கள். சட்டம் கேட்பது 25 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும்தான். உடனே யாரும் காமராஜரை இழுக்க வேண்டாம், எட்டாவதோடு நிறுத்தியவரெல்லாம் காமராஜர் ஆகிவிடுவதில்லை.

பத்திரம் சும்மா வந்ததில்லை. தேர்தல் சீர்திருத்தத்துக்காக வேலை செய்யும் ஏடிஆர் அமைப்பு வழக்குப் போட்டு, 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் வாக்காளருக்கு வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு தெரிந்தாக வேண்டும் என்றது. நம் எம்பிக்கள் எல்லாக் கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து, நீதிமன்றம் என்ன சொன்னாலும் சட்டம் கேட்பதைத் தவிர எதையும் சொல்ல வேண்டாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என ஒரு பிரிவைச் செருகினார்கள். 2003 மார்ச்சில் நீதிமன்றம் அதை அடித்துத் தள்ளியது. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் இருந்த ஒற்றுமையைப் பார்த்தாலே இந்தக் காகிதத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரியவில்லையா?

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். மொத்தச் சொத்து எவ்வளவு என்று பார்க்காதீர்கள். அது பத்திரிகைக்காரர்களுக்குத் தலைப்பு போட உதவும், அவ்வளவுதான். ஒரே ஆளின் 2016 பத்திரத்தையும் 2021 பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பாருங்கள்.

17 மார்ச், காலை

மாமா போன் செய்தார். "ஏம்ப்பா, அந்த ஆளு மேல 188 கேஸாமே, நீயெல்லாம் அவன் பேப்பரைப் படிச்சுட்டு இருக்கியாமே?"

மாமா, 188 என்பது இந்திய தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு. எண்ணிக்கை இல்லை. யாரோ அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள்.

17 மார்ச், இரவு

வழக்குகளைப் பார்த்தேன். ஆறில் நான்கு ஒரே சாயல்: 143, 188, 341. சட்டவிரோதமாகக் கூடியது, அதிகாரியின் உத்தரவை மீறியது, வழி மறித்தது. நம் ஊரில் தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்த எந்தப் பெண்மணி மேலும் இதே மூன்றையும் போட்டிருப்பார்கள். ஐந்தாவது, போன வருட ஊரடங்கில் கூட்டம் கூட்டியதற்கு 269. ஊரடங்கு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக பிப்ரவரியில்தான் முதல்வர் அறிவித்தார், இவர் பத்திரத்தில் அது இன்னும் நிலுவை. 188 மட்டும் வைத்துப் போலீஸ் நேராக எஃப்ஐஆர் போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. இருந்தும் இன்னும் போடுகிறார்கள்.

ஆறாவதுதான் கவனிக்க வேண்டியது: 294(பி), 323, 506(2). தமிழ்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தவருக்கு இந்த மூன்றும் மனப்பாடம். கெட்ட வார்த்தை, கைகலப்பு, கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல். இதையும் பொய்யாகச் சேர்ப்பதுண்டு, பங்காளிச் சண்டையில் வழக்கமாக விழுவதுதான். ஆனால் 506(2)க்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு, அதோடு "குற்றச்சாட்டு வனையப்பட்டதா" (அதாவது விசாரணைக்கு முகாந்திரம் இருக்கிறது என்று நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டதா) என்ற கட்டத்தில் இவர் "ஆம்" என்று போட்டிருக்கிறார். மற்ற ஐந்துக்கும் "இல்லை". ஆறு வழக்கு என்று எண்ணுவதை விட்டு இந்த ஒரு "ஆம்" எதற்கு என்று கேட்பதுதான் கேள்வி.

18 மார்ச்

வேலைக்கு இடையில் இரண்டு பத்திரத்தையும் ஒப்பிட்டேன். 2016இல் கடைசியாகத் தாக்கல் செய்த ஒரு வருடக் கணக்குதான் கேட்டார்கள், இப்போது ஐந்து வருடம், மனைவிக்கும் சேர்த்து. எம்எல்ஏவுக்கு மாதம் 1,05,000 ரூபாய் என்பது 2017இல் வந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல் வர வேண்டும். இவர் வருமானமாகக் காட்டியிருப்பதோ நான்கு லட்சம் சொச்சம். சரி, மாட்டினார் என்று நினைத்தேன்.

அடுத்தது நிலம். 2016இல் 4 ஏக்கர் 20 சென்ட் புஞ்சையின் இன்றைய மதிப்பு என்று போட்டதைவிட 2021இல் ஏறத்தாழ பாதிதான் போட்டிருக்கிறார். எந்த ஊரில் ஐந்து வருடத்தில் நிலம் விலை இறங்கியது? இதுவும் மாட்டினார்.

19 மார்ச், காலை

நேற்று எழுதியதில் இரண்டையும் அடித்துவிடுங்கள். தூக்கம் வராமல் யோசித்ததில் இரண்டுமே என் அவசரம்.

அந்த 1,05,000இல் சம்பளம் என்பது 30,000தான். மீதியெல்லாம் படி: தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, தொலைபேசிக்கு 7,500, தபாலுக்கு 2,500 இப்படி. (இந்தக் காலத்தில் மாதம் 2,500 ரூபாய்க்கு யாருக்குக் கடிதம் போடுகிறார்களோ!) வருமான வரிக் கணக்கில் சம்பளம் மட்டும் வந்தால் வருடத்துக்கு 3.6 லட்சம், வேறு சில்லறை வருமானத்தோடு நான்கு லட்சம் சொச்சம் சரியாகத்தான் இருக்கும்.

நிலத்துக்கு, 2017 ஜூன் 9ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் வைக்கும் நில விலையை, 33 சதவீதம் குறைத்தார்கள். வக்கீல் ஆபீஸில் "இன்றைய மதிப்பு" கட்டத்தை நிரப்ப யாரும் நிலத்தை அளந்து மதிப்பிடுவதில்லை, சர்வே எண்ணைப் போட்டு வழிகாட்டி மதிப்பை எடுத்துப் பெருக்கிவிடுவோம். நானே அப்படித்தான் செய்தேன். ஆக மதிப்பு இறங்கியது அரசாங்கக் கணக்கால்.

ஆனால் 33 சதவீதம் குறைந்தால் பாதி ஆகாதே. மதியம் பார்க்கிறேன்.

19 மார்ச், இரவு

பரப்பளவைப் பார்க்காமல் விட்டேன், மண்டு. 2016இல் 4 ஏக்கர் 20 சென்ட். 2021இல் அதே சர்வே எண்ணில் 3 ஏக்கர் 10 சென்ட். ஒரு ஏக்கர் பத்து சென்ட் எங்கே போனது?

பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் வில்லங்கம் காசு இல்லாமல் பார்க்கலாம், ஓடிபிக்காகக் காத்திருக்கும் பொறுமை இருந்தால். மூன்றாவது முயற்சியில் வந்தது. 2019இல் ஒரு தான செட்டில்மெண்ட், மகள் பெயருக்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. படிவம் 26 கேட்பது வேட்பாளர், மனைவி அல்லது கணவர், கூட்டுக் குடும்பம், அவரைச் சார்ந்து வாழ்பவர்கள், இவ்வளவுதான். கட்டிக் கொடுத்த மகள், தனியாக இருக்கும் மகன், தம்பி, மச்சான் யாருமே வர மாட்டார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை, படிவத்தில் இதைச் சொல்ல இடமே இல்லை.

மகளுக்கு அப்பா நிலம் எழுதி வைப்பதில் தப்பும் இல்லை. இதை நான் துப்பறிந்து கண்டுபிடித்த மாதிரி எழுதியதற்கு இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.

20 மார்ச்

இன்று வேட்புமனு பரிசீலனை. மாற்று வேட்பாளர் என்று ஒருவர் மனு போடுவார் தெரியுமா, பெரும்பாலும் மனைவி அல்லது மகன்? முக்கிய வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும் அது தள்ளுபடியாகிவிடும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அவரும் முழுப் பத்திரம் கொடுத்தாக வேண்டும், அதுவும் தளத்தில் ஏறிவிடும்.

நம் ஆளின் பத்திரத்தில் மனைவியின் நகை 60 சவரன். மனைவியின் பத்திரத்தில் அதே மனைவியின் நகை 72 சவரன். ஒரே நாள், ஒரே நோட்டரி.

எனக்கு இதில் சந்தேகம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. காரணம், 2016இல் நடந்தது. ராத்திரி ஒன்பது மணி, மறுநாள் மனுத் தாக்கல். வேட்பாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் போட்டு, "நகை எவ்வளவுன்னு சொல்லு" என்கிறார். அந்தப் பக்கம் அவர் மனைவி ஆரம்பிக்கிறார்: நெக்லஸ் இவ்வளவு, ஆரம் இவ்வளவு, அடகுல இருக்கறதைச் சேர்க்கணுமா வேண்டாமா, சம்பந்தி போட்டது யாருது. இவர் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம், "ரவுண்டா ஐம்பதுன்னு போடு தம்பி". அவ்வளவுதான் அந்த எண்ணின் வரலாறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால், கேட்டும் நிரப்பாவிட்டால், மனுவைத் தள்ளலாம் என்று 2013இல் தீர்ப்பு. அதனால் காலியாக உள்ள எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று நிரப்புவோம். அவசரத்தில் நான் ஒட்டிக்கொண்டே போனதில் ஒருவருக்கு "வாழ்க்கைத் துணையின் பெயர்: இல்லை" என்று அச்சாகிவிட்டது. அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "இருக்கேன்னு எழுதுங்க" என்றார்.

பொய்ப் பத்திரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். பரிசீலனையில் போய் "72ஆ 60ஆ" என்று கேட்டால் தேர்தல் நடத்தும் அலுவலர், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பார். 12 சவரனுக்காக யார் போவார்கள்? இன்றைய விலையில் சவரன் 33,000க்கு மேல், நான்கு லட்சம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

24 மார்ச்

கொள்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள், நழுவிக்கொண்டே வந்தேன். நேற்று சாயங்காலம் அவரே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். திறந்த ஜீப், பின்னால் பைக், ஆரத்தித் தட்டோடு ஏழெட்டுப் பெண்கள். ஜீப் வேகத்தடையில் மெதுவான நேரம் பார்த்துப் பக்கத்தில் போனேன்.

"அண்ணே, நகராட்சிக்கு எப்பண்ணே தேர்தல் வைப்பீங்க? கவுன்சிலர் இல்லாம அஞ்சு வருஷம் ஆகப்போகுது."

"தம்பி, மனுவா எழுதிக் குடுங்க. பண்ணிடலாம்."

உள்ளாட்சித் தேர்தலை மனு எழுதிக் கொடுத்தால் நடத்திவிடுவாராம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் நான் என்ன கேட்டேன் என்றே காதில் விழவில்லை, மேளச் சத்தம்.

நோட்டீஸ் ஒன்று கொடுத்தார்கள், பன்னிரண்டு வாக்குறுதி. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கையில் இருக்கிறது என்று பென்சிலால் எழுதினேன். ரயில்வே கேட்டில் சுரங்கப்பாதை, அது ரயில்வே. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, நகராட்சி. கலைக் கல்லூரி, மாநில பட்ஜெட். இப்படியே போய் அவர் கையாலேயே செய்யக்கூடியது என்று மூன்று மிஞ்சின. எம்எல்ஏவின் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி. அதில் அங்கன்வாடிக் கட்டடம், உயர்கோபுர விளக்கு, நிழற்குடை இந்த மாதிரிச் செய்யலாம். போன வருடம் அதிலும் ஒரு கோடி கொரோனாவுக்குப் போனது. நிழற்குடையில் ஊர்ப் பெயரைவிட எம்எல்ஏ பெயர் ஏன் பெரிதாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? அவர் சொந்தமாக முடிவெடுத்த விஷயம் அது ஒன்றுதான்.

மற்றபடி கொள்கை கட்சியுடையது. ஒரு கட்சி 505 வாக்குறுதி, குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 என்கிறது, இன்னொன்று 1,500 என்கிறது. தனி எம்எல்ஏவுக்கு இதில் கருத்து இருந்தாலும் சொல்ல முடியாது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி (அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை) கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். மீறாமலே போனதும் உண்டு, 2017 செப்டம்பரில் 18 பேரை சபாநாயகர் நீக்கியது முதல்வரை மாற்றச் சொல்லி ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்காக. ஆக இவரிடம் கொள்கை கேட்பதே வீண்.

25 மார்ச்

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். கொறடா உத்தரவு வாக்கெடுப்புக்குத்தான். கேள்வி நேரத்தில் என்ன கேட்பது, மானியக் கோரிக்கையில் என்ன பேசுவது என்பது ஓரளவு அவரவர் கையில். வழக்கம்போலப் பாதி நேரம் தலைவரைப் புகழ்ந்து போய்விடும். மீதிப் பாதியில் ஒருவர் என்ன கேட்கிறார் என்பதுதான் அவர் கொள்கை.

நூலகத்தில் வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டுப் பேரவை நடவடிக்கைக் குறிப்பில் இவர் பெயர் வரும் இடங்களைப் புரட்டினேன். எல்லாம் பார்க்கவில்லை, கிடைத்தவரை. இரண்டு தடவை துணை மின் நிலையம் கேட்டிருக்கிறார். அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் இல்லாததால் பிரசவ கேஸ்களை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு துணைக் கேள்வி. இது எனக்குத் தெரியாது. என் தங்கையை அப்படித்தான் ராத்திரி பதினொரு மணிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். அந்தக் கேள்வியை அவர் நோட்டீஸில் போடவில்லை, மேடையில் பேசவில்லை. பன்னிரண்டு வாக்குறுதியில் மயக்க மருந்து டாக்டர் இல்லை.

ஆளைப் பற்றி என் எண்ணம் கொஞ்சம் மாறியது என்று ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

29 மார்ச்

வழக்கு உள்ள வேட்பாளர் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று தடவை விளம்பரம் செய்ய வேண்டும் என்பது 2018 தீர்ப்பு. இன்றைய பேப்பரில் நம் ஆளுடையது வந்திருக்கிறது, கண்ணீர் அஞ்சலிக்கும் "என் கட்சிக்காரர் தெரிவிப்பது யாதெனில்" வகை நோட்டீஸுக்கும் நடுவில். எறும்பு அளவு எழுத்து. போன வருடத் தீர்ப்புப்படி, இவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும், ஜெயிப்பார் என்பது காரணமாகாது. கட்சி சொல்லியிருப்பது: வழக்குகள் அரசியல் காழ்ப்புணர்ச்சியால் போடப்பட்டவை, நீண்டகால மக்கள் தொண்டர். 506(2) பங்காளித் தகராறு என்று விசாரித்ததில் தெரிந்தது. அங்கே காழ்ப்புணர்ச்சி உண்டுதான், அரசியலைக் காணோம்.

2 ஏப்ரல்

ஒரு வேட்பாளரின் தேர்தல் செலவு உச்சவரம்பு 30.80 லட்சம். எங்கள் தெருவில் நேற்று இரவு நடந்ததை நான் எழுதப்போவதில்லை.

3 மே 2021

தோற்றுவிட்டார்.

விஷயம் அதுவல்ல. பதினெட்டு நாள் ஒருவருடைய பத்திரத்தை வரி வரியாக அலசினேன், வில்லங்கம் போட்டேன், பேரவைக் குறிப்பைப் புரட்டினேன். ஜெயித்தவருடைய பத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று ராத்திரி எண்ணிக்கை முடிந்த பிறகுதான் இறக்கினேன். கையால் எழுதி, படுக்கவைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கழுத்தைச் சாய்த்துப் படித்தேன். சர்வே எண்ணில் இருப்பது மூன்றா எட்டா தெரியவில்லை. வழக்கு இல்லை. படிப்பு பி.ஏ. வாகனம்: 2009 மாடல் மோட்டார் சைக்கிள் ஒன்று.

20 பிப்ரவரி 2022

நேற்று நகராட்சித் தேர்தல் முடிந்தது, ஒருவழியாக. சாக்கடைக்கு இனி கவுன்சிலரைப் பிடிக்கலாம். இன்னொன்று, எம்எல்ஏ வேட்பாளரின் தேர்தல் செலவு வரம்பை ஜனவரியில் 40 லட்சமாக்கிவிட்டார்கள். கேள்வி நேரத்தை நேரலையாகக் காட்டவும் ஆரம்பித்திருக்கிறார்கள், நூலக நண்பரை இனி தொந்தரவு செய்ய வேண்டாம். புது எம்எல்ஏ மயக்க மருந்து டாக்டரைப் பற்றிக் கேட்பாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

12 ஏப்ரல் 2024

பழைய குறிப்பைத் தூசு தட்டக் காரணம், இந்த வாரம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அருணாச்சலப் பிரதேசத்தில் தேசு தொகுதி எம்எல்ஏ, குடும்பத்தார் பெயரில் பதிவில் இருந்த மூன்று வண்டிகளைப் பத்திரத்தில் காட்டவில்லை என்று வழக்கு. அவை ஏற்கெனவே கைமாறியவை. அசையும் சொத்து ஒவ்வொன்றையும் காட்ட வேண்டியதில்லை, பெரிய மதிப்புள்ளதாகவோ வாழ்க்கை முறையைக் காட்டுவதாகவோ இருந்தால்தான், வேட்பாளருக்கும் அந்தரங்கம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். 2021இல் இருந்த நானாக இருந்தால் கொதித்திருப்பேன். அந்த மகள் பெயர் செட்டில்மெண்டை நினைத்தால் இப்போது அவ்வளவு கோபம் வரவில்லை.

நம் எம்எல்ஏ நேற்று எம்பி தேர்தல் பிரசாரத்துக்கு எங்கள் தெருவுக்கு வந்தார். வெள்ளைக் கார், மச்சானுடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் முடியும்வரை என் வீட்டு வாசலில்தான் நின்றது. நம்பரைப் பார்த்தேன், போனை எடுத்துப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் செயலியைத் திறந்தேன், டிரைவர் தண்ணீர் கேட்டார், உள்ளே போய்ச் சொம்பு எடுத்து வந்தேன்.